கங்கை நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம்: சராசரியைப் பங்கிட்டார்கள், பற்றாக்குறையை யார் பங்கிடுவது?

#1 கடைமடையான்

1996 டிசம்பர் 12 அன்று அன்றைய இந்தியப் பிரதமர் தேவ கவுடாவும் வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனாவும் புதுதில்லியில் கையெழுத்திட்ட கங்கை நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தத்தின் முப்பதாண்டுக் காலம் 2026 டிசம்பர் 12 அன்று நிறைவுறுகிறது. இரு தரப்பும் சம்மதித்தால் புதுப்பிக்கலாம் என்று அதன் பன்னிரண்டாம் பிரிவு சொல்கிறதே தவிர, தானாகவே நீடிக்கும் என்று எங்கும் சொல்லவில்லை. அதே வாசகங்களை அப்படியே இன்னொரு முப்பதாண்டுக்கு நீட்டித்தால் போதும் என்று கருதுவோர் இரு நாடுகளிலும் இருக்கிறார்கள். போதாது என்பது என் கருத்து. அதை விவாதிக்கவே இவ்விழையைத் தொடங்குகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஒப்பந்தம் மழைக்காலத்தைத் தொடுவதே இல்லை. சனவரி 1 முதல் மே 31 வரையிலான ஐந்து மாதங்களைப் பத்துப் பத்து நாள்களாகப் பதினைந்து கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறிலும் மேற்கு வங்கத்தில் எல்லையருகே கங்கையின் குறுக்கே நிற்கும் ஃபரக்கா கதவணைக்கு வந்து சேரும் நீரை இரு நாடுகளுக்கும் பிரிக்கிறது. வரத்து வினாடிக்கு 70,000 கன அடியோ அதற்குக் குறைவோ என்றால் சரிபாதி. 70,000-க்கும் 75,000-க்கும் இடைப்பட்டால் வங்கதேசத்துக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு. 75,000-ஐத் தாண்டினால் இந்தியாவுக்கு 40,000, மீதி வங்கதேசத்துக்கு. இவற்றுக்கு மேல் ஒரு நிபந்தனையும் உண்டு. வறட்சி உச்சமடையும் மார்ச் 11 முதல் மே 10 வரையிலான ஆறு கூறுகளில், ஒன்றுவிட்டு ஒன்றாக இரு நாடுகளுக்கும் 35,000 கன அடி உறுதியளிக்கப்பட்டிருக்கிறது. நமக்குப் பழகிய அளவில் சொன்னால், 35,000 கன அடி என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 டிஎம்சி. ஒரு மாதம் அப்படியே ஓடினால் மேட்டூரின் முழுக் கொள்ளளவான 93.47 டிஎம்சியை நெருங்கிவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் எந்த வரத்தை வைத்துப் போடப்பட்டது என்பதுதான் என் கேள்வி. ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ள பட்டியல் 1949 முதல் 1988 வரையிலான நாற்பதாண்டுச் சராசரியைக் கொண்டது. அதன்படி சனவரி முதல் பத்து நாளில் ஃபரக்காவுக்கு 1,07,516 கன அடி வரும். ஏப்ரல் கடைசிப் பத்து நாளில் அது 60,992 ஆகக் குறையும். அந்த நாற்பதாண்டின் தொடக்கத்தில் வடபீகாரில் எத்தனை ஆழ்துளைக் கிணறுகள் இருந்தன, இமயத்தின் பனி எந்த மாதத்தில் உருகியது, கோடை வெயில் எத்தனை பாகையாக இருந்தது என்பவை எல்லாம் மாறிவிட்டன. பட்டியல் மட்டும் மாறவில்லை.

#2 நீரளவையர்

பொதுப்பணித்துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் நீரளவைப் பணியிலும் மதகுப் பராமரிப்பிலும் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஒன்று, சராசரி என்ற சொல்லைப் பற்றியது. ஆற்றுநீரைப் பங்கிடும்போது பொறியாளர்கள் சராசரியைப் பார்ப்பதற்கு முன் நம்பகத்தன்மையைப் பார்ப்பார்கள். 75 விழுக்காடு நம்பகத்தன்மை என்றால், நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளாவது அந்த அளவு நீர் கிடைக்கும் என்று பொருள். காவிரி நடுவர் மன்றம் 50 விழுக்காடு நம்பகத்தன்மையில் 740 டிஎம்சி என்று எடுத்தபோது எவ்வளவு வாதம் நடந்தது என்பது இங்குள்ள பலருக்கும் நினைவிருக்கும். கங்கையிலும் 1977-இல் போடப்பட்ட ஐந்தாண்டு உடன்பாடு 75 விழுக்காடு நம்பகத்தன்மையைத்தான் கொண்டிருந்தது. அதன்படி ஏப்ரல் கடைசிப் பத்து நாள் வரத்து 55,000 கன அடி. அதில் வங்கதேசத்துக்கு 34,500, இந்தியாவுக்கு 20,500. வரத்து எவ்வளவு வீழ்ந்தாலும் வங்கதேசத்தின் பங்கு அட்டவணை அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகாது என்ற உறுதிமொழியும் அதில் இருந்தது. 1996 ஒப்பந்தத்தில் அந்த உறுதிமொழி இல்லை. நம்பகத்தன்மையின் இடத்தில் சராசரி அமர்ந்தது. எதிர்பார்ப்பு 55,000-இலிருந்து 60,992-க்கு ஏறியது தாளில் மட்டும்தான். ஆற்றில் ஒரு குடம்கூட ஏறவில்லை.

இரண்டாவது, அந்த ஒன்றுவிட்டு ஒன்று என்ற ஏற்பாடு. ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் ஃபரக்காவுக்கு ஒரே சீராக 52,000 கன அடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 21 முதல் 30 வரை வங்கதேசத்தின் முறை; அவர்களுக்கு 35,000 போக, கொல்கத்தா பக்கம் நீரைத் திருப்பும் ஊட்டுக் கால்வாயில் 17,000 இறங்கும். மே 1 அன்று முறை மாறும்; கால்வாய்க்கு 35,000, கீழே பத்மாவுக்கு (வங்கதேசத்தில் கங்கையின் பெயர்) 17,000. ஆற்றின் வரத்தில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, ஒரே இரவில் கீழ்ப்பகுதியின் ஓட்டம் பாதியாகிவிடுகிறது. மதகை மெள்ள மெள்ள இறக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததற்குக் காரணம் உண்டு: நீரில் ஊறிய மண்கரை, மட்டம் சட்டென்று இறங்கும்போது பிடிமானம் இழந்து அப்படியே சரியும். முக்கொம்பில் ஒரு கோடையில் கீழ்ப்பக்கக் கரை வெட்டிவைத்த பலாச்சுளை போலப் பிளந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அது சில ஆயிரம் கன அடி வேறுபாட்டுக்கே நேர்ந்தது.

#3 பாட்னாவாசி

நீரளவையர் ஐயா சொல்வதில் பிழையில்லை. ஆனால் இவ்விழை போகிற போக்கைப் பார்த்தால், இந்தியா முழுவதும் தலைமடை, வங்கதேசம் மட்டும் கடைமடை என்று தோன்றிவிடும். பணி நிமித்தம் பதினோரு ஆண்டுகளாகப் பீகாரில் வசிக்கிறேன். ஒப்பந்தத்தில் பீகார் கையெழுத்திடவில்லை. கருத்துக் கேட்கப்பட்டதாகவும் இங்கு யாரும் நினைவுகூர்வதில்லை. ஆனால் ஃபரக்காவில் நீரின் அளவைப் பாதுகாக்க மேல்மடை நாடு எல்லா முயற்சியும் எடுக்கும் என்று இரண்டாம் பிரிவில் எழுதியிருக்கிறார்கள். அந்த முயற்சியை யார் எடுப்பது? 1854-இலிருந்து அரித்துவாரில் கங்கைக் கால்வாய் நீரை எடுக்கிறது; அதற்கும் கீழே நரோராவில் எடுக்கிறார்கள்; சாரதாவில் எடுக்கிறார்கள். எல்லோரும் எடுத்ததுபோக மிச்சம் வருவதைத்தான் நாங்கள் பார்க்கிறோம்.

மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ். கதவணைக்கு மேலே வண்டல் தேங்கி ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டதால் வெள்ளம் வடியாமல் நிற்கிறது என்பது இங்கே சாதாரண மக்களின் பேச்சு. 2016 வெள்ளத்தின்போது முதலமைச்சர் நிதீஷ் குமாரே ஃபரக்காவை அகற்ற வேண்டும் என்று பிரதமரிடம் கேட்டார். வண்டலைக் கரைக்க வேண்டும் என்று சொல்லிக் கட்டிய கதவணை வண்டலையே சேர்த்து வைத்திருக்கிறது.

#4 நேர்கோடு

கேள்வி ஒன்று. கொல்கத்தா துறைமுகத்துக்கு 40,000 கன அடி தேவை என்பதுதான் கதவணையின் அடிப்படை. அத்தேவை இன்னும் இருக்கிறதா?

#5 ஹூக்ளிக்கரை

துறைமுகத்தைச் சார்ந்த தொழிலில் இருப்பதால் நானே சொல்கிறேன். 1961-இல் பணி தொடங்கி 1975 ஏப்ரலில் கதவணை திறக்கப்பட்டது. 38 கிலோமீட்டர் ஊட்டுக் கால்வாய் வழியே நீரை, கீழே ஹூக்ளி என்ற பெயரில் கொல்கத்தாவைக் கடக்கும் பாகீரதியில் விட்டு, அது ஹூக்ளியின் வண்டலைக் கடலுக்குத் தள்ளும் என்பது திட்டம். அரை நூற்றாண்டு கழிந்தும் கழிமுகத்தில் தூர்வாரும் கப்பல்களுக்கு ஓய்வில்லை. பெரிய கப்பல்கள் கழிமுகத்தருகே உள்ள ஹல்தியா துறைமுகத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால் கால்வாயை மூடிவிடலாம் என்றும் சொல்லிவிட முடியாது. கொல்கத்தாவுக்குக் குடிநீர் ஹூக்ளியிலிருந்துதான் வருகிறது. நன்னீர் குறைந்தால் உவர் மேலேறும். 2016 மார்ச்சில் கால்வாயில் நீர்மட்டம் இறங்கி ஃபரக்கா அனல்மின் நிலையத்தின் அலகுகளை நிறுத்த நேர்ந்ததும் நினைவிருக்கும். துறைமுகத்துக்காக வெட்டிய கால்வாயில் இன்று குடிநீரும் மின்சாரமும் சேர்ந்து தொங்குகின்றன. கங்கையில் அலகாபாத் வரை ஏறிக்கொண்டிருந்த ஹில்சா மீன் கதவணையோடு நின்றுவிட்டதை இங்குள்ள மீன்காரர்களிடம் கேட்டால் ஒரு நாள் முழுவதும் சொல்வார்கள்.

#6 தென்றல்மொழி

இவ்வளவு நேரமும் கதவணைக்கு மேலேயே நிற்கிறோம். கீழே என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குல்னா கோட்டத்தில், சாத்கீரா மாவட்டத்தின் தென்கோடியில், ஒரு குடிநீர்த் திட்டத்தில் மூன்று ஆண்டுகள் பணியாற்றினேன்.

அங்கே வீட்டு முற்றத்தில் இடுப்புயர மண்சால் ஒன்று இருக்கும், மட்கா என்பார்கள். தகரக் கூரையிலிருந்து பாதியாகப் பிளந்த மூங்கிலோ குழாயோ வைத்து மழைநீரை அதில் இறக்கி, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். அது மாசி வரை வரும். அதன் பிறகு ஊர்க் குளத்தையொட்டிய மணல்வடிகட்டியில் வரிசை நிற்கும். பங்குனி பிறந்தால் குளத்து நீரும் நாக்கில் கரிக்கத் தொடங்கும். நான் தங்கியிருந்த வீட்டம்மா சோறு வடித்த பின் உப்புப் போடுவதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, உலையிலேயே இருக்கிறதே என்றார்.

இதற்கு ஃபரக்கா ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். பத்மாவிலிருந்து பிரியும் கொராய் ஆறுதான் தென்மேற்கு வங்கதேசத்துக்கு நன்னீர் கொண்டுவரும் முதன்மையான வழி. கோடையில் பத்மாவின் மட்டம் இறங்கினால் கொராயின் வாய் மணல்மேடாகி அடைத்துக்கொள்கிறது. 1998 முதல் தூர்வாரியும் திரும்பத் திரும்ப அடைக்கிறது. இதனோடு, 1960-களில் எழுப்பிய கடலோரக் கரைகள் ஆற்றின் வண்டலை வயலுக்குள் விடாமல் தடுத்தன, இறால் பண்ணைக்காரர்கள் வேண்டுமென்றே உப்புநீரை உள்ளே விட்டார்கள், 2009 மே மாதத்து அய்லா புயல் கரைகளை உடைத்தது, கடல்மட்டமும் உயர்கிறது. மேலிருந்து நன்னீரின் அழுத்தம் குறைவதும் கீழிருந்து கடலின் அழுத்தம் கூடுவதும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அந்த இடத்தில்தான் அந்த வீட்டம்மாவின் குளம் இருக்கிறது.

#7 நேர்கோடு

சகோதரி எழுதியது மனத்தைத் தொடுகிறது. ஆயினும் ஒன்று கேட்கிறேன்: இவற்றில் எவ்வளவு காலநிலை மாற்றம், எவ்வளவு நாமே செய்தது? ஆழ்துளைக் கிணறும் இறால் பண்ணையும் மனிதர் முடிவுகள். காலநிலை என்ற சொல்லை அரசுகள் ஒரு போர்வையாகப் பயன்படுத்துகின்றன என்பது என் ஐயம். இயற்கைமேல் பழியைப் போட்டுவிட்டால் மதகை யார் மூடினார்கள் என்ற கேள்வி எழாது அல்லவா?

#8 நீரளவையர்

உங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால் இரண்டையும் தனித்தனியே வைத்துப் பார்க்க ஆறு இடம் கொடுப்பதில்லை.

ஏப்ரல் மாதத்தில் ஃபரக்காவில் ஓடும் நீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மழை கிடையாது. ஒரு பகுதி, இமயத்தில் உருகும் பனி. அதைப் பெரும்பாலும் நேபாளத்து உபநதிகளான காக்ரா, கண்டகி, கோசி ஆகியவை கொண்டுவருகின்றன. கோடைக்கால நீரோட்டத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு அவற்றின் பங்கு என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. மறுபகுதி, சென்ற மழையில் நிலத்துக்குள் இறங்கி இப்போது ஆற்றுக்குள் கசியும் ஊற்றுநீர். குளிர்காலம் வெப்பமானால் பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்து சனவரியிலேயே ஓடிவிடும். உருகுவதும் முன்கூட்டியே தொடங்கும். ஆண்டு முழுதும் கூட்டினால் அதே நீர்தான், ஆனால் ஏப்ரலில் இருக்காது. வெயில் ஏற ஏறப் பயிருக்கு நீர் கூடுதலாக வேண்டும். உழவர் கிணற்றை ஆழப்படுத்துவார். கிணறு ஆழமானால் ஆற்றுக்குக் கசிய வேண்டிய ஊற்று நின்றுபோகும், சில இடங்களில் ஆறே நிலத்துக்குள் இறங்கும். உழவர் செய்தது மனிதர் முடிவுதான். அவரை அம்முடிவுக்குத் தள்ளியதில் வெயிலுக்கும் பங்குண்டு.

எனவே மதகை யார் மூடினார்கள் என்ற கேள்வியோடு, மதகுக்கு வந்துசேராத நீர் எங்கே போயிற்று என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். இந்த ஒப்பந்தம் முதல் கேள்விக்கு மட்டுமே விடை வைத்திருக்கிறது. இரு நாட்டவரும் சேர்ந்த கூட்டுக் குழுவின் ஆள்கள் கதவணைக்குக் கீழேயும், ஊட்டுக் கால்வாயிலும், கப்பல் கடவிலும், அந்தப் பக்கம் வங்கதேசத்தில் பத்மாவின் மேலுள்ள ஹார்டிஞ்ச் பாலத்திலும் நின்று நாள்தோறும் அளக்கிறார்கள். கதவணைக்கு மேலே சேர்ந்து அளப்பவர் ஒருவரும் இல்லை.

#9 கடைமடையான்

ஐயா, நான் சொல்ல வந்ததை நீங்கள் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள்.

வரத்து எந்தப் பத்து நாளிலாவது 50,000-க்குக் கீழே போனால் இரு அரசுகளும் உடனே கலந்து பேசி, அவசர அடிப்படையில், நியாயமாகவும் எவருக்கும் தீங்கின்றியும் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று இரண்டாம் பிரிவு சொல்கிறது. கலந்து பேசிய பிறகு எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகி நான்கு மாதம் ஆவதற்குள், 1997 கோடையிலேயே, வரத்துக் குறைந்து புகார் எழுந்தது. பற்றாக்குறைக் காலப் பங்கீடு இல்லாத தீர்ப்பு எப்படிப்பட்டது என்பதைக் காவிரியில் நாம் ஒவ்வொரு பொய்த்த பருவமழையிலும் பார்த்திருக்கிறோம். நல்ல ஆண்டில் அதற்கு வேலையே இல்லை, கெட்ட ஆண்டில் அது வாய் திறப்பதில்லை.

ஆகவே புதிய ஒப்பந்தத்தில் என் முதல் எதிர்பார்ப்பு, 50,000-க்குக் கீழே என்ன செய்வது என்பதை எண்ணாக எழுதுவது. அடிப்படைப் பட்டியலை அண்மைய முப்பதாண்டு அளவீட்டைக் கொண்டு திருத்தி, பத்தாண்டுக்கு ஒருமுறை மறுபடி திருத்துவதற்கும் வழி வைக்க வேண்டும். அந்தப் பத்து நாள் ஊஞ்சலைக் கைவிட்டு, குறைந்த அளவானாலும் சீராக விடுவதற்கு இரு தரப்பும் இணங்க வேண்டும்.

நேபாளத்தை விட்டுவிட்டு இதைப் பேசுவது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. 1970-களிலிருந்தே வங்கதேசம், நேபாளத்தில் நீர்த்தேக்கங்கள் கட்டி மழைநீரைச் சேமித்துக் கோடையில் விடலாம் என்றது. இந்தியா, பிரம்மபுத்திராவிலிருந்து கங்கைக்குக் கால்வாய் வெட்டலாம் என்றது. முன்னதற்கு மூன்றாவது நாடு வேண்டும். பின்னதற்கு வங்கதேசத்தின் நிலம் வேண்டும். இரண்டு ஆலோசனைகளும் கோப்பில் கிடக்க, நீர் தரும் நாடு மேசைக்கு வெளியே நின்றது.

#10 பாட்னாவாசி

மூன்று நாடுகளை உட்காரவைப்பது இருக்கட்டும். ஒரே நாட்டுக்குள் இரண்டு அரசுகளை உட்காரவைக்க முடிகிறதா? 2011 செப்டம்பரில் மன்மோகன் சிங் டாக்கா சென்றபோது சிக்கிம், மேற்கு வங்கம் வழியே வங்கதேசத்துக்குள் செல்லும் தீஸ்தா ஆற்றுக்கான உடன்பாட்டின் வரைவு தயாராக இருந்தது. மேற்கு வங்க அரசு மறுத்தது, இன்றுவரை கையெழுத்தாகவில்லை. 54 ஆறுகள் இரு நாடுகளுக்கும் பொதுவானவை. முழுமையான பங்கீட்டு ஒப்பந்தம் இருப்பது கங்கைக்கு மட்டுமே. 2022-இல் குஷியாரா ஆற்றில் 153 கன அடிக்கு ஒரு புரிந்துணர்வு ஏற்பட்டது. நம்மூர் வாய்க்கால் ஒன்றில் ஓடும் நீர் அது.

1996-இல் ஒப்பந்தம் சாத்தியமானதற்கு மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு அப்போது டாக்காவோடு நேரடியாகப் பேசியது ஒரு பெருங்காரணம் என்பதை மறக்கக் கூடாது. அதே தீஸ்தாவில் 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் பனியேரி உடைந்து, சுங்தாங் அணையை ஒரே இரவில் அடித்துச் சென்றது. அந்த வெள்ளம் எல்லைச் சாவடியில் நின்று அனுமதி கேட்கவில்லை. பங்கீட்டுக்குக் கையெழுத்து வராவிட்டாலும், பனியேரிகளின் மட்டத்தையும் வெள்ள எச்சரிக்கையையும் மணிக்கணக்கில் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்தால் அதற்கு மேற்கு வங்கமும் மறுப்புச் சொல்லாது என்று நினைக்கிறேன்.

#11 தென்றல்மொழி

வங்கதேசம் வேறொரு கதவையும் தட்டியிருக்கிறது. எல்லை கடந்த நீர்நிலைகள் குறித்த 1992-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி உடன்படிக்கையில் 2025 சூனில் அது சேர்ந்தது. தெற்காசியாவில் சேர்ந்த முதல் நாடு அதுவே. இந்தியா அதில் இல்லை, 1997-இல் ஐ.நா. பொதுச்சபை பன்னாட்டு நீர்வழிகள் உடன்படிக்கையை ஏற்றபோதும் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஆகவே இதனால் உடனடிக் கட்டாயம் எதுவும் நமக்கு இல்லை. ஆனால் 1976-இல் வங்கதேச அரசியல் தலைவர் மௌலானா பாஷானி ஃபரக்காவை நோக்கி நெடும்பயணம் நடத்தியதும், அதே ஆண்டு விவகாரம் ஐ.நா. வரை சென்றதும், மறு ஆண்டே உடன்பாடு வந்ததும் டாக்காவில் எல்லோருக்கும் மனப்பாடம். வெளியே போனால் உள்ளே பேச்சு நடக்கும் என்பது அவர்கள் கற்ற பாடம். டெல்லியில் கற்ற பாடம் நேர்மாறானது: வெளியே போனால் பேச்சு நின்றுவிட வேண்டும். இரு தரப்பும் அவரவர் நினைவை வைத்துக்கொண்டுதான் மேசைக்கு வருகிறார்கள்.

#12 நேர்கோடு

ஒப்பந்தம் காலாவதியானால்கூட 90 விழுக்காடு விட வேண்டும் என்று ஒரு பிரிவு இருப்பதாகப் படித்தேன். அப்படியானால் அவசரம் என்ன?

#13 நீரளவையர்

அது பதினோராம் பிரிவு, நண்பரே. ஆனால் அப்பிரிவு 'இந்த ஒப்பந்தக் காலத்துக்கு' என்ற சொற்களோடு தொடங்குகிறது. ஐந்தாண்டு மறுஆய்வில் உடன்பாடு ஏற்படாவிட்டால், பேசி முடிக்கும் வரை வங்கதேசத்தின் பங்கில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் இந்தியா விட வேண்டும் என்பதே அதன் பொருள். ஒப்பந்தமே முடிந்தால் அதுவும் முடியும். 1988-க்குப் பிறகு 1996 வரை எந்த உடன்பாடும் இல்லாமல் கோடைகள் கழிந்தன. அந்த ஆண்டுகளில் மதகு இயக்குபவரின் முடிவே பங்கீடாக இருந்தது.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஹார்டிஞ்ச் பாலத்திலும் ஃபரக்காவிலும் நிற்கும் கூட்டு அளவைக் குழுக்கள் நான்காம் பிரிவின் பெயரால் நிற்கின்றன. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் ஓர் ஆண்டு இடைவெளி விழுந்தால், அந்த ஆண்டு இரு நாடுகளும் தனித்தனியே அளக்கும். இரண்டு எண்கள் வரும். பிறகு எந்த எண்ணை வைத்துப் பேசுவது என்பதற்கே இன்னும் ஐந்து ஆண்டு பேச வேண்டியிருக்கும். புது ஒப்பந்தம் தாமதமானால் ஆகட்டும், அளவைக் குழுக்களை மட்டுமாவது ஒரு கடிதப் பரிமாற்றத்தின் வழியே நீட்டித்து வைக்க வேண்டும். 2027 சனவரி 1 காலையில் அந்தப் பாலத்தடியில் அளவுகோலைப் படிக்க இரண்டு நாட்டவரும் சேர்ந்து படகில் ஏறுவார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.